மூன்று மெல்லிய பூச்சுகள்

அவருடைய நகக்கண்களில் எப்போதும் ஒரு பொன்வரி இருந்தது. குளித்தாலும் போகாது, மண்ணெண்ணெய் தேய்த்தாலும் போகாது. சோறு பிசையும்போது அது மினுங்கும். யாரோ வசதியான வீட்டுக்காரியின் விரல்கள் தவறிப்போய் அந்த ஒடிசலான உடம்பில் வந்து ஒட்டிக்கொண்டது போலிருக்கும்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடுகள். மூன்றாவது அவருடையது. நான்காவதில் நான் குடிவந்த மறுநாள் காலை, சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். குழந்தை கிலுகிலுப்பை ஆட்டுகிறது என்று எட்டிப் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் பெண் ஒருவர், முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார். டப்பாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டு உருளுகிற சத்தம் அது. எதிரே செய்தித்தாளின் மேல் ஒரு பிளாஸ்டிக் முக்காலி குப்புறக் கிடந்தது.

"கிட்ட வராதம்மே, மூஞ்சில அட்ச்சிக்கும். அப்பறம் உன்னையும் பித்தள சாமான் கடைக்காரன் எடுத்துக்கினு பூடுவான்."

அதுதான் அறிமுகம். அன்று சாயங்காலம் அந்த முக்காலி வெண்கலத்தில் வார்த்தது போல வாசலில் உட்கார்ந்திருந்தது. நான் அதன்மேல் உட்காரத் தயங்கினேன். அவருக்கு அந்தத் தயக்கம் பிடித்திருந்தது.

மலைக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்வது அவர் வேலை. மொட்டை போட வருகிறவர்கள் ஒரு நாள் இருப்பார்கள், போவார்கள். அத்தனை ஊர்க் கைகளும் பட்டுப் பட்டு அங்கே வாளி விரியும், கண்ணாடிச் சட்டம் கறுக்கும், சொம்பு நசுங்கும், சுவர்க் கடிகாரம் மஞ்சளாகும். தூக்கிப் போடுவதை எடுத்துப் போக மேனேஜர் ஒன்றும் சொல்லமாட்டார். அவற்றை உப்புத்தாளால் தேய்ப்பதும் நகத்தை ஓட்டிப் பார்ப்பதுமாக அவருடைய ஓய்வு நேரமெல்லாம் போகும். நகம் எங்கும் தடுக்காமல் வழுக்க வேண்டும். பிறகு ப்ரைமர். அது காய்ந்ததும் ஒரு சாண் தள்ளி நின்று, வீசி வீசி, நிறம்.

"மூணு மெல்லிசு கோட்டு. ஒண்ணு காஞ்சப்பறம் ஒண்ணு. ஆத்தரப்பட்டு ஒரே கோட்டா அட்ச்சா வழிஞ்சிக்கினு நிக்கும், எழவு வூட்டு மூஞ்சி மாதிரி."

ஐப்பசி கார்த்திகையில் டப்பாவைத் தொடவே மாட்டார். ஈரக் காற்றில் அடித்தால் நிறத்தின் மேல் வெள்ளைப் புகை படிந்தது போல மங்கிவிடும். அந்த மாதங்களில் அவருக்கு நிலைகொள்ளாது. வாசலில் நின்று வானத்தைத் திட்டுவார். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் துரு அவரைத் தூங்கவிடாது. பார்க்கிற எல்லாவற்றையும் கண்ணாலேயே தேய்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டு ஓனரம்மா ஒருநாள் வந்து, அவர் வாசலில் இருந்த பித்தளைப் பூத்தொட்டியைப் பார்த்து மயங்கிப்போனார். "பாகுந்தே! எக்கட கொன்னாவு?" என்றார். நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய்?

"காளஹஸ்திலம்மா. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் வார்க்கிறாரு."

ஓனரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கனமான பொருளைத் தூக்குகிறவர் போல மூச்சை அடக்கித் தூக்கினார். பிளாஸ்டிக் தொட்டி பலூன் போல மேலே வந்து அவர் மோவாயில் இடித்தது. காம்பவுண்டே சிரித்தது. ஓனரம்மாவும் சிரித்தார். தொட்டிக்குச் சொந்தக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்தத் தொட்டியில் ஆற்றுமணலை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். "இப்ப தூக்கச் சொல்லு" என்றார் என்னிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தப் பல்லைக் கடித்த முகம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அதற்குப் பிறகும் நான் அவரோடு சேர்ந்துகொண்டேன். வேலை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். நிறம் படக்கூடாத இடங்களில் காகிதத்தை வைத்து டேப் ஒட்டுவது என் பங்கு. பழுப்பாக இருந்த ஒன்று, கண்ணெதிரே, ஒரு மூச்சில் பொன்னாகிறதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது. அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

அவர் நகரிக்காரர். புருஷன் அங்கே பவர்லூம் ஓட்டியவர், இறந்து ஏழெட்டு வருடமாகியிருந்தது. புருஷனைப் பற்றி அவர் பேசியது ஒரே ஒரு தடவை, அதுவும் வேடிக்கையாக. நான் ஒரு கதவுக் கைப்பிடிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"எங்க நகரி வூட்ல ஒரே செவுத்துல ஆறு சாமி காலண்டர் மாட்டியிருந்தேன், தெரியுமா? வர்றவங்கல்லாம் அசந்துபூடுவாங்க. இன்னா பக்தி, இன்னா பக்தி!"

"ஆறு எதுக்குக்கா?"

"செவுத்துல ஆறு ஓட்ட. அந்தாளு கையில கெடச்சத வீசுவான். எனக்குப் படலன்னா செவுத்துக்குப் படும்." சிரித்தார். "எங்க நைனா ஒரு தபா ஊர்லேர்ந்து வந்தாரு. செவுத்தப் பாத்தாரு, கன்னத்துல போட்டுக்கினாரு. பொண்ணு நல்லாத்தான் கீது, வூடு பூரா சாமின்னு அம்மாகிட்ட போய் சொல்லிட்டாராம்."

நானும் சிரித்தேன். கைப்பிடியைச் சுற்றி முடித்த பிறகுதான் சொன்னது உறைத்தது. அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லி? கூட்டிக்கினு போய் எங்க வைப்பாரு? நல்லா கீதுன்னு நெனச்சிக்கினு செத்தாரில்ல, போதும்."

அவருக்கு ஒரே மகள். டிகிரி முடித்து ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் டப்பா சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள். "யம்மா, என்னையும் ஒரு நாள் அட்ச்சி வுடப்போற நீ" என்பாள். கங்காதர நெல்லூர் பக்கத்திலிருந்து அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மாம்பழக் கூழ் கம்பெனியில் சூப்பர்வைசர், சொந்த வீடு, ஒரே பையன். எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்கிற சாரெயைச் செய்யுங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். மகளோடு அனுப்பும் வீட்டுச் சாமான்களுக்கு இங்கே சாரெ என்று பேர். கல்யாணத்தன்று மண்டபத்தில் அதைப் பரப்பி வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையாக நடந்து பார்ப்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னவர்களும் நடந்து பார்ப்பார்கள்.

அது கங்கம்மா ஜாத்திரை நடக்கும் மாதம். ஊரெல்லாம் மேளம்.

"மலைமேல கீற பெருமாளே தங்கச்சி கங்கம்மாவுக்கு வருசா வருசம் சாரெ அனுப்புறாரு. அவருக்கே அந்தக் கவல கீது. நான் வெறுங்கையா அனுப்புவனா?"

இரண்டு வாரம் மொட்டை மாடி பட்டறையாயிற்று. லாட்ஜில் கழித்த இரும்புக் கட்டில் கறுப்பும் பொன்னுமாக எழுந்தது. நசுங்கிய பீரோவை உள்ளிருந்து சுத்தியால் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தை நிரவும் பட்டிப் பசை வைத்து, தந்த நிறம் அடித்தோம். மின்விசிறி, நிலைக்கண்ணாடி, பூஜைத் தட்டு, குத்துவிளக்குக்குக் கீழே வைக்கும் பீடம் எல்லாம் ஆயின. கடைசியாக ஒரு எவர்சில்வர் சொம்பு. அதன் வயிற்றில் 14 என்று புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்தது, அறை எண். அதைச் செம்புச் சொம்பாக்க வேண்டும். அந்தப் பதினாலுக்குப் பட்டி வைத்தது நான்தான். ஒரு நாள் முழுக்க ஆறவிடு என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானமே தேய்த்து, நானே டப்பாவை எடுத்து அடித்துவிட்டேன். செம்பு ஜொலித்தது. திரும்பி வந்தவர் சொம்பைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்து, "உனக்கும் கை வந்துட்ச்சிம்மே" என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான்.

மண்டபத்தில் இருபத்தொரு சாமான்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் அந்த வரிசை எரிந்தது. சம்பந்தியம்மா முன்னால் நடந்தார், பின்னால் அவருடைய ஓரகத்திகள். பீரோவை மோதிர விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சொம்பைக் கையில் எடுத்து, "செம்பா? வரலட்சுமி நோம்புக்குக் கலசம் வைக்க ஆவும்" என்றார். பெண்ணின் அம்மா என் பக்கத்தில் நின்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் எலும்பு வலித்தது. முகத்தில் அப்படி ஒரு பெருமை. வாழ்நாளில் ஒருமுறையாவது தன் பொருட்களை யாரும் கீழாகப் பார்க்காத ஒரு மணி நேரம் அவருக்குக் கிடைத்தது. நான் அதை எதற்காகவும் அவரிடமிருந்து பிடுங்கமாட்டேன்.

செம்பு என்றால் புளி போட்டுத் தேய்ப்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவேயில்லை. நிறத்தையே பார்த்துப் பார்த்து, செம்புக்கு மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை மறந்திருந்தோம்.

நோன்புக்கு முதல் நாள் சம்பந்தியம்மா புளியும் உப்பும் வைத்துத் தேய்த்திருக்கிறார். செம்பு நிறம் கையோடு வந்தது. பட்டி பொடியாக உதிர்ந்தது. பதினாலு வெளியே வந்தது.

போன் வந்தபோது நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போடாமலே எல்லாம் கேட்டது.

"லாட்ஜு ரூம்ல எவனெவனோ மூஞ்சி கழுவுன சொம்பா எங்க வூட்டு லட்சுமிக்கு? கட்டிலும் அங்கதானா? பதினாலாம் நம்பரு கட்டிலா? அப்ப உம் பொண்ணு எந்த ரூமு?"

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசி வரை கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "பட்டி ஆறல" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மகள் முதல் முறை வந்தபோது தோளுக்குக் கீழே, ஜாக்கெட் கை முடியுமிடத்தில், நான்கு விரல்கள் பதிந்திருந்தன. அம்மா பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எது எது உரிஞ்சிகீது, சொல்லு."

"யம்மா, அது இல்லம்மா..."

"பீரோ?"

"யம்மா!"

"கட்டில் காலு? அங்க உரசும், நான் அப்பவே நெனச்சேன்."

மறுநாள் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு மகளோடு பஸ் ஏறினார். துணைக்கு நானும் போனேன். சித்தூரில் இறங்கி வேறு பஸ் மாறினோம். மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் இரண்டு நாள், உரிந்த ஒவ்வொன்றையும் தேய்த்து, திரும்ப ப்ரைமர் அடித்து, திரும்ப நிறமேற்றினார். சம்பந்தியம்மா வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, வேலைக்காரியிடம் இடம் காட்டுவது போலக் காட்டினார். "அந்த மூலைல வுட்டுட்ட. ஆங், அங்கதான்." மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வந்தான், சிரித்தான், எங்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தான். நல்ல பையன் முகம். அந்த முகத்தில் ஒரு கீறல் இல்லை.

மகள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

"யக்கா, நீயாவது அம்மாவுக்குச் சொல்லு. சாமானுக்காவ அவரு அடிக்கல. நோம்புக்கு முன்னாடியே அட்ச்சிக்கினுதான் இருந்தாரு. கல்யாணம் ஆன ரெண்டாம் வாரத்துலேர்ந்து. இப்ப ஒரு காரணம் கெடச்சிகீது, அவ்ளோதான். என்னை கூட்டிக்கினு போவச் சொல்லுக்கா. அங்க வந்து துணிக்கடைலயே நின்னுக்கறேன்."

திரும்பும் பஸ்ஸில் சொன்னேன். சொன்ன விதம் எனக்கு நினைவிருக்கிறது. கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் சுற்றி வளைத்து. பொறுத்துப் பார்க்கலாம், ஆனாலும் என்று ஆரம்பித்தேன். உள்ளுக்குள் நானும், சாமான் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பத்தான் ஆசைப்பட்டேன். அப்படியானால் என் குற்றம் ஆறாத பட்டியோடு முடிந்துவிடும்.

அவர் ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். "பொண்ணுங்க மொதல்ல அப்டித்தான் சொல்லும்" என்றார். "கட்டில் காலுக்கு இன்னொரு கோட்டு குட்த்திருக்கணும்."

இரண்டாம் முறை மகள் வந்தது பொங்கலுக்கு முன்னால். இடது கன்னம் நாவல்பழம் போல இருந்தது. மூன்று நாள் கதவைச் சாத்தியே வைத்தார். அக்கம்பக்கத்தில் காய்ச்சல் என்று சொன்னார். நான்காம் நாள், ஓனரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் பெண்ணைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். என்னைக் கூப்பிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்கச் சொன்னார். மகளை ஜன்னலுக்கு நேராக உட்காரவைத்தார். ஈரத்துணியால் கன்னத்தைத் துடைத்தார். புறங்கையால் ஒற்றிப் பார்த்தார், காய்ந்துவிட்டதா என்று. களிம்பை மூன்று விரலால் மெல்லிசாக ஒரு முறை தடவினார். காத்திருந்தார். பவுடரை ஒரு முறை ஒற்றினார். காத்திருந்தார். மேலே இன்னொரு முறை பவுடர். கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, வெளிச்சம் எங்கே பள்ளத்தைக் காட்டுகிறது என்று பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். மொட்டை மாடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மகள் அசையவில்லை. முகத்தை நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழவும் இல்லை, அழுதால் வழிந்துவிடும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். கண் மட்டும் கண்ணாடிக்கு மேலே, என்மேல் இருந்தது.

ஓனரம்மா வந்தார். "சல்லகா உன்னாவம்மா?" என்று கேட்டார், சௌக்கியமா என்று. கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். மகள் முகம் சுளிக்கவில்லை. நல்ல வேலை. மூன்று மெல்லிய பூச்சு. யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்ணாடியைப் பிடித்திருந்த நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மறுநாள் அம்மாவே மகளை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அதன்பின் மகள் திருப்பதிக்கு வரவில்லை. சித்திரை கடைசியில் எனக்கு மட்டும் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. அந்த வீட்டை விட்டு வந்து நாயுடுபேட்டையில் இருக்கிறாளாம். அங்கே ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை, பெண்கள் ஹாஸ்டலில் இடம்.

"சித்தூர் பஸ் ஸ்டாண்டுல திருப்பதி பஸ்சும் நின்னுக்கினுதான் இருந்துதுக்கா. ஏறல. அதுல ஏறினா திரும்ப அந்த வூட்டுக்கே கொண்டுபோய் வுட்டுடும்னு தெரியும்."

அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நான் போய் அவரிடம் சொன்னேன். உடனே கிளம்பினார். இந்த முறை பையில் டப்பா இல்லை, பார்த்துக்கொண்டேன். ஒரு தூக்கில் புளிசாதம் எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்கத் தூக்கை மடியிலேயே வைத்திருந்தார். இறங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ வந்துட்டா, நம்ம வூட்டுக்கே கூட்டிக்கினு போயிடலாமாம்மே?" என்று கேட்டார். என்னிடம் அனுமதி கேட்பது போல. போகலாம்க்கா என்றேன்.

ஹாஸ்டல் வாசலில் பெரிய இரும்புக் கேட். மகள் யூனிபாரத்தோடு கேட்டின் உள்பக்கம் வந்து நின்றாள். வலது புருவம் இரண்டாகப் பிளந்து, தைத்த தழும்பு சிவப்பாகத் தடித்து நெற்றி வரை ஏறியிருந்தது. பவுடர் இல்லை, பொட்டு இல்லை. முடியை இறுக்கிப் பின்னுக்கு வாரியிருந்தாள். எதுவும் மறையாதபடி வாரியிருந்தாள்.

அம்மாவின் கை எழுந்தது. முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து அந்தப் பக்கம் கொண்டுபோனார்.

"தொடாத" என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை. "தொடைக்காத. அப்டியே பாரும்மா. ஒரு தபா பாரு. பாத்துட்டு, வான்னு சொல்லு, வரேன்."

கம்பெனி வேன் வர இன்னும் நேரமிருந்தது. அவள் நின்றாள். வெயிலில் முகத்தை நிமிர்த்தி, கம்பிகளுக்கு இந்தப் பக்கம் தெரியும்படி நின்றாள். அவர் பார்க்க முயன்றார், நான் சாட்சி. கண் அவள் மோவாய் வரைக்கும் போயிற்று. அங்கேயிருந்து கழுத்துக்கு இறங்கி, தோளுக்கு வந்து, தோளிலிருந்து கேட்டுக்கு வந்தது. கம்பியின் மேல் விரலை ஓட்டினார். துரு செதிலாக உதிர்ந்தது.

"ப்ரைமர் அடிக்காமயே பெயிண்ட் அட்ச்சிகீறான்" என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு கம்பிக்கிடையில் கையை நீட்டித் தூக்கை வாங்கிக்கொண்டாள். வேன் வந்தது. ஏறிப் போனாள்.

அந்தப் புருவத்தில் போட்டது ஏழு தையல். வேன் வருவதற்குள் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், பஸ்ஸில் அவர் கேட்டால் சொல்லலாம் என்று. திரும்பும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, அந்தக் கேட்டை எப்படித் தேய்த்திருக்க வேண்டும், என்ன நிறம் எடுப்பாக இருக்கும், எத்தனை டப்பா பிடிக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். காளஹஸ்தி வந்தது. போனது. ஏழு என்பதை நாக்கில் வைத்துக்கொண்டு நான் ஊம் கொட்டிக்கொண்டிருந்தேன்.